மன்னரும் இல்லை, தளபதியும் இல்லை... ரோமின் 700 ஆண்டுக் கதையைச் சொன்ன லிவி யார்?

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னால், ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கும் காடிஸ் நகரத்திலிருந்து ஒருத்தர் கிளம்பினார். அந்தக் காலத்து ரோமானியர்களுக்கு காடிஸ் என்றால் உலகத்தின் விளிம்பு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், ஒரே ஒரு மனிதரைக் கண்ணால் பார்த்தார். பார்த்த கையோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். வேறு எதற்காகவும் நிற்கவில்லை. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அவர் பார்க்க வந்தது பேரரசரை இல்லை. வாள்சண்டை வீரனையும் இல்லை. ஒரு எழுத்தாளரை. பெயர் டைட்டஸ் லிவியஸ். இன்று உலகம் அவரைச் சுருக்கமாக லிவி என்கிறது.

ஓநாயிடம் பால் குடித்த ரோமுலஸ், ரீமஸ். பாலத்தில் நின்று எதிரிப் படையைத் தடுத்த ஹொரேஷியஸ். ஏரை விட்டுவிட்டு நாட்டைக் காக்க வந்து, வேலை முடிந்ததும் 16-ஆவது நாளே பதவியைத் துறந்த சின்சினாட்டஸ். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய ஹானிபால். இந்தக் கதைகளெல்லாம் இன்றுவரை புழங்குகிறது என்றால், அதில் லிவிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா அவர் வாழ்க்கையில் ஒரு பெரிய முரண் இருக்கிறது. அவர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததாகச் சொல்லப்படுகிற, அவரே முழுசாக நம்பாத கதைகள் தப்பிப் பிழைத்துவிட்டன. அவர் வாழ்ந்து பார்த்த காலத்தைப் பற்றி எழுதியது கிட்டத்தட்ட மொத்தமாக அழிந்துபோனது.

போருக்கு நடுவே ஒரு பிள்ளைப் பருவம்

லிவி பிறந்த ஊர் படாவியம். வட இத்தாலியில் இன்று பதுவா என்று அழைக்கப்படும் நகரம். கம்பளி வியாபாரத்தில் பணம் பார்த்த ஊர். ஒழுக்கத்தில் கறாரான மனிதர்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ரோமில் பெயர் இருந்தது. லிவி பிறந்தது கி.மு. 59-ல் என்கிறது பிற்காலத்தில் ஜெரோம் எழுதிய காலவரிசை நூல். கி.மு. 64 என்று கணக்கிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

கி.மு. 59 என்றே வைத்துக்கொண்டால், அவருக்கு 10 வயதாகும்போது ஜூலியஸ் சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டி உள்நாட்டுப் போரைத் தொடங்கிவிட்டார். அதே கி.மு. 49-ல்தான் லிவியின் பகுதி மக்களுக்கு முழு ரோமானியக் குடியுரிமையும் கிடைத்தது. அதாவது, பின்னாளில் ரோமின் கதையைச் சொல்லப்போகிறவரின் ஊரே அப்போதுதான் சட்டப்படி ரோமோடு சேர்ந்தது.

அவருக்கு 15 வயதானபோது செனட் உறுப்பினர்கள் சேர்ந்து சீசரைக் குத்திக் கொன்றார்கள். அடுத்து இன்னொரு சுற்றுச் சண்டை. இதில் படாவியம் செனட்டின் பக்கம் நின்றது. ஆன்டனியின் ஆளான அசினியஸ் போலியோ பணமும் ஆயுதமும் கொடு என்று அந்த ஊரைக் கசக்கிப் பிழிந்தார். வசதி படைத்தவர்கள் ஒளிந்துகொண்டார்கள். எஜமானர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அடிமைக்குப் பரிசும் விடுதலையும் உண்டு என்று போலியோ ஆசை காட்டினார். ஒரு அடிமைகூட வாயைத் திறக்கவில்லை என்று ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் போலியோ பிறகு இலக்கியவாதியாக மாறினார். லிவியின் எழுத்தில் படாவியத்து வாடை அடிக்கிறது என்று கிண்டலும் செய்தார். தலைநகரத்துக்காரர் ஊர்நாட்டு எழுத்தாளரைப் பார்த்து அடித்த கிண்டல் அது.

பதவியே வகிக்காத வரலாற்றாசிரியர்

லிவிக்கு முன்னால் ரோமின் வரலாற்றை எழுதியவர்களில் பெரும்பாலானோர் செனட் உறுப்பினர்கள். படை நடத்தியவர்கள், பதவி பார்த்தவர்கள். ஓய்வு பெற்றபின் வரலாறு எழுதுவது அவர்கள் வழக்கம். லிவி எந்தப் பதவியும் வகிக்கவில்லை. எழுதுவது மட்டும்தான் அவருடைய முழுநேர வேலை.

எப்போது தொடங்கினார்? அவருடைய முதல் புத்தகத்திலேயே இதற்குத் தடயம் இருக்கிறது. போர் இல்லாத காலத்தில் மட்டும் ரோமானியர்கள் ஜானஸ் கோயிலின் கதவை மூடுவார்கள். கி.மு. 29-ல் அகஸ்டஸ் அதை மூடியதை லிவி குறிப்பிடுகிறார். கி.மு. 25-ல் மறுபடி மூடியதைக் குறிப்பிடவில்லை. அகஸ்டஸ் என்ற பட்டமோ கி.மு. 27-ல் கொடுக்கப்பட்டது. அதனால் அந்தப் பகுதியை அவர் கி.மு. 27-க்கும் 25-க்கும் இடையில் எழுதியிருக்கிறார் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி.

தொடங்கியவர் சாகும்வரை நிறுத்தவில்லை. ரோம் உருவான கதையில் ஆரம்பித்து கி.மு. 9 வரை, மொத்தம் 142 புத்தகங்கள். அன்றைக்குப் புத்தகம் என்றால் ஒரு பப்பைரஸ் சுருள். சுமார் 40 ஆண்டுகளில் 142 என்றால், ஆண்டுக்கு மூன்றுக்கும் மேல். போதுமான புகழ் வந்துவிட்டது, நிறுத்திவிடலாம்தான், ஆனால் சும்மா இருக்க மனசு விடவில்லை என்ற பொருளில் ஒரு புத்தகத்தின் தொடக்கத்தில் அவர் எழுதியதாக மூத்த பிளினி சொல்கிறார்.

ஓநாயா, ஒரு பெண்ணா?

சரி, ரோமின் பிறப்பை லிவி எப்படிச் சொல்கிறார்?

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆல்பா லோங்கா என்ற ஊரில் அண்ணன் நூமிட்டரின் அரியணையைத் தம்பி அமூலியஸ் பறித்துக்கொள்கிறார். அண்ணன் மகள் ரியா சில்வியாவுக்கு வாரிசு பிறக்கக் கூடாது என்று, வெஸ்டா தேவிக்குக் கன்னிப் பூசாரியாக்கிவிடுகிறார். இருந்தும் அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. தகப்பன் போர்க் கடவுள் மார்ஸ் என்கிறாள் அவள். குழந்தைகளை டைபர் ஆற்றில் விடச் சொல்கிறார் மன்னர். தண்ணீர் வடிந்ததும் ஒரு பெண் ஓநாய் வந்து பால் கொடுக்கிறது. ஆடு மேய்க்கும் ஃபாஸ்டுலஸ் குழந்தைகளைக் கண்டெடுத்து வளர்க்கிறார்.

இதைச் சொல்லும்போதே லிவி நடுநடுவே நிறுத்துகிறார். மார்ஸ் கடவுள்தான் தகப்பன் என்று ரியா சில்வியா உண்மையாகவே நம்பியிருக்கலாம், அல்லது கடவுளின் பெயரைச் சொன்னால் பழி குறையும் என்று நினைத்திருக்கலாம் என்கிறார். ஓநாய் விஷயத்திலும் அதே கதைதான். லத்தீனில் லூபா என்ற சொல்லுக்குப் பெண் ஓநாய் என்றும் பொருள் உண்டு, உடலை விற்றுப் பிழைக்கும் பெண் என்றும் பொருள் உண்டு. ஃபாஸ்டுலஸின் மனைவி லாரென்ஷியாவை மேய்ப்பர்கள் அந்தச் சொல்லால் அழைத்ததிலிருந்துதான் ஓநாய்க் கதையே வந்தது என்று சிலர் கருதுவதையும் அவர் சேர்த்தே எழுதுகிறார்.

ரீமஸின் சாவுக்கும் ரெண்டு கதை. யார் மன்னர் என்று பறவைச் சகுனம் பார்க்கிறார்கள். ரீமஸுக்கு முதலில் 6 கழுகுகள் தெரிகின்றன. ரோமுலஸுக்குப் பிறகு 12 தெரிகின்றன. முதலில் வந்ததா, அதிகம் வந்ததா என்ற சண்டையில் ரீமஸ் அடிபட்டுச் சாகிறார் என்பது ஒன்று. அண்ணன் தம்பிக்குள் எழுந்த கேலியில் புதுச் சுவரைத் தாண்டிக் குதித்ததால் ரோமுலஸே கொன்றார் என்பது இன்னொன்று, இதுதான் ஊரில் அதிகம் பேசப்பட்டது.

ரோமுலஸின் முடிவும் அப்படித்தான். புயல் வந்தது, மேகம் மூடியது, மன்னரைக் காணோம். வானத்துக்குப் போய்விட்டார் என்றது கூட்டம். செனட் உறுப்பினர்கள்தான் அவரைப் பிய்த்துப் போட்டார்கள் என்று சிலர் கிசுகிசுத்ததையும் லிவி விடவில்லை.

ஹொரேஷியஸ் கதையிலும் இதே எச்சரிக்கைதான். கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் சொல்லும் கதையில் ஹொரேஷியஸ் ஆற்றிலேயே உயிரை விடுகிறார். லிவியின் கதையில் கவசத்தோடு நீந்திக் கரையேறுகிறார். எழுதிவிட்டு, இந்தச் செயலுக்குக் கிடைத்த புகழ் அளவுக்கு நம்பிக்கை கிடைக்காது என்ற அர்த்தத்தில் ஒரு வரியும் சேர்க்கிறார்.

நம்பாததை ஏன் எழுத வேண்டும்?

ரோம் நிறுவப்பட்டதாக மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 753. முதல் ரோமானிய வரலாற்றாசிரியர் ஃபேபியஸ் பிக்டர் எழுதியது கி.மு. 200-ஐ ஒட்டி. நடுவில் 500 ஆண்டு இடைவெளி. கி.மு. 390 வாக்கில் கால் இனத்தவர் ரோமைக் கொளுத்தியதில் பழைய பதிவுகள் பெரும்பாலும் எரிந்துபோயின என்கிறார் லிவி. அவ்வளவு பெரிய தீயின் தடயத்தை அகழாய்வுகள் காட்டவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஆரம்ப காலத்துக்கு உறுதியான ஆவணம் குறைவு என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால் முன்னுரையிலேயே தன் நிலையைச் சொல்லிவிடுகிறார். நகரம் பிறப்பதற்கு முந்தைய கதைகளை நிரூபிக்கவும் போவதில்லை, மறுக்கவும் போவதில்லை. வாசகர் பார்க்க வேண்டியது வேறு: எப்படிப்பட்ட மனிதர்கள், எப்படிப்பட்ட பழக்கவழக்கங்கள் ரோமை வளர்த்தன, பிறகு அது எப்படிச் சரிந்தது என்பதை. நோயையும் தாங்க முடியவில்லை, மருந்தையும் தாங்க முடியவில்லை என்கிற நிலைக்கு நாடு வந்துவிட்டதாக அவர் வருந்துகிறார். உள்நாட்டுப் போரிலேயே வளர்ந்தவரின் வருத்தம் அது.

குறைகளும் உண்டு. ஆவணக் காப்பகங்களைத் தேடிப் போகாமல், முன்னவர்கள் எழுதியதை வைத்தே பெரும்பாலும் எழுதினார். நிலப்பரப்பு, போர் நுட்பம் ஆகியவற்றில் சறுக்குகிறார். ஒரே சம்பவம் சில இடங்களில் ரெண்டு தடவை வருகிறது. அதே நேரம் மரபு மொத்தமும் கற்பனை என்றும் தள்ள முடியாது. ரோமுலஸ் வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட பாலடைன் குன்றில், இரும்புக் காலத்துக் குடிசைகளின் தூண்குழிகள் 20-ஆம் நூற்றாண்டு அகழாய்வில் கிடைத்தன. ரோமுலஸ் இருந்தாரா என்பதற்கு அது பதில் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே மக்கள் குடியிருந்தது உண்மை.

பேரரசரும் பழங்கதையும்

லிவி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பழங்கதைகள் வெறும் கதைகள் இல்லை. அரசியல்.

குடியரசை மீட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே அதிகாரம் மொத்தத்தையும் தன் கையில் வைத்திருந்தார் அகஸ்டஸ். கி.மு. 28-ல் மட்டும் 82 கோயில்களைச் சீரமைத்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். அவருக்கு ரோமுலஸ் என்ற பெயரையே சூட்டலாமா என்ற யோசனையும் வந்தது. அவருடைய ஜூலியன் குடும்பம், டிராய் வீரர் ஏனியஸின் மகன் வழி வந்ததாகப் பெருமை பேசியது. அந்த மகன் யார், எந்தத் தாய்க்குப் பிறந்தவர் என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகு யாரால் உறுதியாகச் சொல்ல முடியும் என்று முதல் புத்தகத்திலேயே லிவி ஒதுங்கிக்கொள்கிறார். பேரரசரின் குடும்ப மரத்தின் வேர் மீதே வைத்த சந்தேகம் இது.

இன்னொரு சம்பவம் இதைவிடச் சுவாரஸ்யமானது. எதிரி அரசனைத் தன் கையால் கொன்ற ரோமானியத் தளபதி, அவனுடைய கவசத்தை ஜூபிடர் கோயிலில் காணிக்கையாக வைக்கலாம். ரோமின் வரலாற்றிலேயே இந்தக் கௌரவம் மூன்று பேருக்குத்தான் கிடைத்தது. ரோமுலஸ், காஸஸ், மார்செல்லஸ். கி.மு. 29-ல் கிராசஸ் என்ற தளபதி, பாஸ்டார்னே இனத்து அரசனை நேருக்கு நேர் கொன்றார். ஆனால் அந்தக் கௌரவம் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச தளபதி அவர் இல்லை என்பது காரணம்.

இங்கேதான் காஸஸ் வருகிறார். கவசம் வைத்தபோது காஸஸ் உச்ச தளபதி இல்லை, கீழ்நிலைப் படை அதிகாரிதான் என்று முன்னவர்கள் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். லிவியும் அப்படியே எழுதினார். அப்படியானால் கிராசஸுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்ற கேள்வி வருமே! கோயிலைப் புதுப்பிக்கும்போது காஸஸின் பழைய கவசத்தில் கான்சல், அதாவது உச்ச பதவியில் இருப்பவர், என்று எழுதியிருந்ததைத் தானே படித்ததாக அகஸ்டஸ் சொல்ல, அது லிவியின் காதுக்கு வந்தது. கிராசஸ் விவகாரத்துக்காகவே அகஸ்டஸ் இதைக் கிளப்பினார் என்பது ஆய்வாளர்கள் பலரின் சந்தேகம்.

லிவி என்ன செய்தார்? பேரரசரின் சாட்சியத்தை மரியாதையோடு பதிவு செய்தார். பழைய பதிவுகளோடு அது ஒத்துப்போகாததையும் எழுதினார். முடிவை வாசகரிடம் விட்டார். கதையின் போக்கில் காஸஸின் பதவியை மாற்றவே இல்லை.

பாம்பேயின் ஆள்

அகஸ்டஸுக்கும் லிவிக்கும் நல்ல பழக்கம் இருந்தது. சீசரின் எதிரி பாம்பேயைத் தன் வரலாற்றில் லிவி அவ்வளவு புகழ்ந்ததால், பாம்பேயின் ஆள் என்றே பேரரசர் அவரைக் கிண்டல் செய்வாராம். நட்பு கெடவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிடஸ். கவிஞர் ஓவிட்டை கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்திய அதே அகஸ்டஸ்தான் இவர்.

அரண்மனையில் வளர்ந்த சிறுவன் கிளாடியஸை வரலாறு எழுதத் தூண்டியதும் லிவிதான். பையன் சீசர் கொலையிலிருந்து தொடங்கினான். அம்மாவும் பாட்டியும் கண்டித்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி மனம் திறந்து எழுத முடியாது என்று புரிந்ததும், இடையில் இருந்த ரத்தம் தோய்ந்த ஆண்டுகளைத் தாண்டி, அமைதி வந்த காலத்துக்குக் குதித்துவிட்டான். பின்னாளில் கிளாடியஸ் பேரரசரும் ஆனார்.

லிவி அந்த ஆண்டுகளைத் தாண்டவில்லை. ஆனால் 121-ஆவது புத்தகத்தின் சுருக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அகஸ்டஸ் இறந்த பிறகு அது வெளியானதாகச் சொல்லப்படுகிறது என்பதுதான் அந்தக் குறிப்பு. அது சொல்வது கி.மு. 43-ஐ ஒட்டிய கதை. அகஸ்டஸ் அதிகாரத்துக்கு ஏறிவந்த காலம் அங்கிருந்துதான் விரிகிறது. அந்தக் குறிப்பு சரி என்றால், அந்தப் பகுதிகள் கி.பி. 14-ல் பேரரசர் கண்ணை மூடும்வரை காத்திருந்திருக்கின்றன.

காத்திருந்ததில் நியாயம் இருந்தது. லிவி கி.பி. 17-ல் தன் சொந்த ஊரான படாவியத்தில் இறந்தார். எட்டே ஆண்டுகளில், கி.பி. 25-ல், கிரெமூஷியஸ் கோர்டஸ் என்ற வரலாற்றாசிரியர் மீது வழக்கு வந்தது. சீசரைக் கொன்ற புரூட்டஸையும் காஷியஸையும் புகழ்ந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் பட்டினி கிடந்து உயிரை விட்டார். அவருடைய புத்தகங்களைக் கொளுத்த உத்தரவு வந்தது.

142-ல் மிஞ்சியது 35

லிவியின் புத்தகங்களை அப்படி யாரும் கொளுத்தவில்லை. கலிகுலா மட்டும் லிவி வளவளவென்று எழுதுகிறவர் என்று திட்டி, நூலகங்களிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தார். புத்தகங்களைக் கொன்றது அளவுதான். 142 சுருள்களைக் கையால் பிரதி எடுக்க ஆளும் வேண்டும், பணமும் வேண்டும். தன் நூலகத்தில் முழு லிவிக்கும் இடம் போதாது என்று கவிஞர் மார்ஷல் எழுதினார். சுருக்கப் பதிப்புகள் வந்தன. சுருக்கத்தைப் படித்தவர்கள் மூலத்தை மறந்தார்கள். பிரதி எடுக்க ஆளில்லாத சுருள்கள் மக்கிப்போயின.

இன்று கையில் இருப்பது 1 முதல் 10 வரையும், 21 முதல் 45 வரையும். அதிலும் கடைசி ஐந்தில் ஆங்காங்கே பக்கங்கள் இல்லை. அந்த ஐந்தும் பிழைத்தது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியால். ஜெர்மனியின் லோர்ஷ் மடத்தில் 1527-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்ரார்க், சிதறிக் கிடந்த பகுதிகளைத் தேடிச் சேர்த்து ஒரு பிரதி உருவாக்கினார். 1,300 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன லிவிக்கு ஒரு கடிதமும் எழுதினார். முதல் பத்துப் புத்தகங்களை வைத்து மாக்கியவெல்லி குடியரசு ஆட்சியைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

கிடைத்திருக்கும் கடைசிப் புத்தகம் கி.மு. 167-ல் நின்றுவிடுகிறது. லிவி பிறப்பதற்கு 100 ஆண்டுகளுக்கும் முன்னால். சீசர், பாம்பே, ஆன்டனி, அகஸ்டஸ் பற்றி அவர் எழுதிய புத்தகங்களுக்குச் சில வரிச் சுருக்கங்களும் துண்டு துணுக்குகளும்தான் மிச்சம். சிசரோ கொல்லப்பட்டதைப் பற்றிய பகுதி தப்பியது, அதை மூத்த செனகா தன் நூலில் எடுத்துப் போட்டதால். பேரரசருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே பாம்பேயைப் புகழ்ந்த அந்தப் பக்கங்கள் மட்டும் இல்லை.

எலும்புகளின் கதை

லிவிக்கும் கடைசியில் ஒரு பழங்கதை கிடைத்தது. 1413-ல் பதுவா நகரத்தின் சாந்தா ஜுஸ்தினா மடத்து வளாகத்தில் ஒரு ஈயப் பெட்டி கிடைத்தது. உள்ளே எலும்புகள். லிவியஸ் என்ற பெயர் பொறித்த கல் ஒன்று ஏற்கெனவே அந்தப் பக்கம் கிடைத்திருந்தது. அவ்வளவுதான், ஊரே திரண்டது. எலும்புகளை மரியாதையோடு நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். 1451-ல் நேப்பிள்ஸ் மன்னர் அல்போன்சோ, தூதரை அனுப்பி அதிலிருந்து ஒரு கை எலும்பைக் கேட்டு வாங்கினார்.

பிறகுதான் கல்வெட்டைச் சரியாகப் படித்தார்கள். அது வரலாற்றாசிரியருடையது இல்லை. ஹேலிஸ் என்ற ஒருவருடையது. லிவியஸ் குடும்பத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். விடுதலையாகும் அடிமை எஜமானரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்வது ரோமானிய வழக்கம். மன்னர் கேட்டு வாங்கிய கை எலும்பு, லிவியின் கை என்பதற்கு அந்தக் கல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.